அள்ளுமுன் அறிவோம்!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

ராயபுரத்திலிருந்து கடலோரமாகவே வடக்கு நோக்கிச் சென்றால் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எண்ணூர்க் கழிமுகத்தையும் தாண்டினால் காமராசர் துறைமுகம். அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி. மீன்பிடிப் படகுகளும் சரக்குக் கப்பல்களும் கன்டெய்னர் லாரிகளும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் நிறைந்த இந்தக் கரையை "வடசென்னை" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோர் பலர். ஆனால் இந்திய நாட்டின் மிகத் துணிச்சலான முயற்சிகளுள் ஒன்று இந்தக் கரையில்தான் தண்ணீரில் இறங்கிப் பார்த்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2025ஆம் ஆண்டு ஜனவரி 27 முதல் பிப்ரவரி 12 வரை காட்டுப்பள்ளியிலுள்ள கப்பல் கட்டும் தளத்தில் 'மத்ஸ்யா 6000' என்னும் கலத்தை நீரில் இறக்கிச் சோதித்தார்கள். முதலில் ஆளில்லாமலும், பின்னர் ஆட்களை உள்ளே அமர்த்தியும் சோதனை நடந்தது. மூன்று மனிதர்களைக் கடலுக்கடியில் 6,000 மீட்டர் ஆழத்திற்குக் கொண்டுசென்று, உயிருடன் மேலே கொண்டுவரும் நோக்கத்தோடு உருவாக்கப்பட்டது அக்கலம். உருவாக்கியது நம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம்.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்–3 நிலவில் இறங்கியபோது தெருவெல்லாம் இனிப்பு வழங்கினோம். நம் வீட்டு வாசலிலேயே கடலுக்குள் ஒரு கலம் இறங்கியபோது நாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வானத்தை அண்ணாந்து பார்க்கும் கண்கள் காலடியில் கிடக்கும் கடலைப் பார்க்க ஏன் மறந்தன? இந்தக் கேள்வியோடு என் கருத்தைத் தொடங்குகிறேன். ஆழ்கடலுக்கு நாம் போகத்தான் வேண்டும்; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அள்ளுவதற்காகப் போகுமுன் அறிவதற்காகப் போக வேண்டும். இந்த வரிசை மாறினால் என்ன நேரும் என்பதை வடசென்னைக்காரர்களாகிய நமக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

உயிரே இல்லை என்றார்கள்!

கடலின் ஆழத்தை நம் மீனவர்கள் மார்க் கணக்கில் அளப்பார்கள். இரு கைகளையும் அகல விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு மார். ஆங்கிலேய மாலுமிகள் 'பாதம்' என்று அளந்ததும் இதே கைவிரிப்பைத்தான். கடலை அளக்கப் புகுந்த மனிதன் எந்நாட்டவனாயினும் முதலில் தன் உடம்பையே அளவுகோலாகக் கொண்டான் போலும்!

1840களில் எட்வர்ட் போர்ப்ஸ் என்னும் பிரிட்டிஷ் அறிஞர், 300 பாதத்திற்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 550 மீட்டருக்குக் கீழே, கடலில் உயிர்களே இருக்க முடியாது என்று கருதினார். ஏஜியன் கடலில் வலையிட்டுப் பார்த்தபோது ஆழம் கூடக் கூட உயிர்கள் குறைந்துகொண்டே போனதால் அவர் அம்முடிவுக்கு வந்தார். ஒளி புகாத இடத்தில், கடும் குளிரில், மலைபோன்ற நீரின் சுமைக்கடியில் எது வாழும் என்று உலகமும் அதை நம்பியது.

அந்த நம்பிக்கையைத் தகர்த்தது 'சாலஞ்சர்' என்னும் கப்பல். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்து, ஆழத்திலிருந்து வலைவலையாக உயிர்களை மேலே கொணர்ந்தது. 4,000க்கும் மேற்பட்ட புதிய இனங்கள் அப்பயணத்தால் அறிவுலகுக்குக் கிடைத்தன. நம் கடலிலும் இத்தகைய தேடல் நடந்திருக்கிறது. 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் அளவைக் கப்பலில் அல்காக் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1888 முதல் 1892 வரை பணியாற்றி, வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் ஆழத்து மீன்களையும் நண்டுகளையும் ஆராய்ந்தார். அவர் காலத்துச் சேகரிப்புகள் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்துக்குச் சென்றன. நம் வாசற்கடலின் ஆழத்தை ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்கள். தமிழில் எழுத ஆளில்லை.

இவை எல்லாவற்றையும்விட வியப்பானது 1977இல் நடந்தது. கலபகோஸ் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில், 'ஆல்வின்' என்ற சிறு கலத்தில் இறங்கியவர்கள் கடல்தரையில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டார்கள். அவற்றைச் சுற்றி வெறும் பாறை இல்லை. உயிர்கள் கூட்டங்கூட்டமாக இருந்தன! வாயோ குடலோ இல்லாத குழாய்ப் புழுக்கள், பெரிய பெரிய சிப்பிகள், வெண்ணிற நண்டுகள்! சூரிய ஒளியே எட்டாத இடத்தில் இவற்றுக்கு உணவு எங்கிருந்து வருகிறது? பூமியின் உள்ளிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டு உணவு தயாரிக்கும் பாக்டீரியாக்களே அங்கே பயிர். அவற்றை நம்பியே மற்ற உயிர்கள் வாழ்கின்றன. எல்லா உணவுச் சங்கிலியும் பச்சையத்தில் தொடங்குகிறது என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்தப் பாடத்தின் அருகில் 'ஆழ்கடல் ஊற்றுகள் நீங்கலாக' என்று எழுத வேண்டியதாயிற்று. ஒரே ஒரு முறை இறங்கிப் பார்த்ததால் உயிரியலின் ஓர் அத்தியாயமே மாறியது!

கட்டைவிரல் நகத்தில் 12 மூட்டை

ஆழ்கடல் பயணம் எளிதன்று. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் கீழே போகும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 6,000 மீட்டரில் அது ஏறத்தாழ 600 மடங்கு. எளிதாகச் சொன்னால், நம் கட்டைவிரல் நகமளவு பரப்பின்மேல் ஏறக்குறைய 600 கிலோ எடை உட்காரும். துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் தொழிலாளிக்குக் கணக்குப் புரியும்: 50 கிலோ மூட்டைகள் 12, ஒரு விரல் நகத்தின்மேல்!

அதனால்தான் மத்ஸ்யாவில் மனிதர்கள் அமரும் அறையைப் பந்து வடிவில் அமைத்தார்கள். பந்தின்மேல் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். ஒரு மூலையில் குவியாது. உள்விட்டம் 2.1 மீட்டர், சுவரோ 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியக் கலவை. மூன்று பேர் முழங்கால் இடிக்க உட்காரும் சின்னஞ்சிறு அறை. வழக்கமான பயணத்துக்கு 12 மணி நேரமும், ஆபத்து நேர்ந்தால் 96 மணி நேரமும் உயிர்காக்கும் ஏற்பாடு அதில் உண்டு. 2023 ஜூன் மாதம் டைட்டானிக் கப்பலைப் பார்க்கச் சென்ற 'டைட்டன்' கலம் நொறுங்கி ஐவர் மாண்டதை உலகமே கண்டது. ஆழ்கடல் அவசரத்தை மன்னிப்பதில்லை.

நம்மவர்கள் படிப்படியாகவே இறங்கி வருகிறார்கள். 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஆழ்கடல் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டில், எஃகினால் செய்த சோதனைப் பந்தைச் சென்னைக்கு அப்பால் கடலில் 600 மீட்டர் வரை இறக்கிப் பார்த்தார்கள். 2024 டிசம்பரில் ஆளில்லாத் தானியங்கிக் கலம் ஒன்று இந்தியப் பெருங்கடலின் தரையில் ஏறத்தாழ 4,500 மீட்டர் ஆழத்தில் புகைந்துகொண்டிருந்த வெந்நீர் ஊற்றைப் படமெடுத்தது. 2025 ஆகஸ்டு 5, 6 ஆகிய நாட்களில் பிரான்சு நாட்டின் 'நாட்டில்' கலத்தில் நம்மவர் இருவர் அட்லாண்டிக் கடலில் மூழ்கினர். தேசியக் கடல் தொழில்நுட்பக் கழக விஞ்ஞானி ராஜு ரமேஷ் 4,025 மீட்டரும், ஓய்வுபெற்ற கடற்படைக் கமாண்டர் ஜதீந்தர் பால் சிங் 5,002 மீட்டரும் சென்று திரும்பினர். இந்தச் செய்தி நம் தேநீர்க் கடைகளில் பேசப்பட்டிருக்க வேண்டாமா?

ஏழைக்கு எதற்கு ஆழ்கடல்?

இந்தக் கட்டுரையைப் பற்றி வீட்டில் சொன்னபோது என் தந்தை கேட்டார்: "கரையோரத்துல இருக்குற கழிமுகத்தையே ஒழுங்கா வெச்சுக்க முடியல. இதுல ஆறாயிரம் மீட்டர் அடியில போயி என்னத்தப் பார்க்கப் போறாங்க?" என் தந்தை காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குச் செல்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவருடைய கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அது நியாயமான கேள்வி. ஆகவே இரு பகுதிகளாக விடை சொல்ல முயல்கிறேன்.

முதலாவது, செலவு. ஆழ்கடல் இயக்கத்துக்கு ஐந்தாண்டுகளுக்கென்று மதிப்பிட்ட தொகை 4,077 கோடி ரூபாய். கேட்டால் மலைப்பாக இருக்கிறது. 140 கோடி மக்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு ஏறத்தாழ 29 ரூபாய். ஐந்தாண்டுக்கு இரண்டு தேநீர்க் காசு! கழிமுகம் தூய்மையடையாமல் கிடப்பதற்கு இந்த 29 ரூபாய் காரணமன்று. மனம் இருந்தால் இரண்டையும் செய்யலாம்.

இரண்டாவது, பயன். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது நம் கரைக்கு எச்சரிக்கை சொல்ல எந்தக் கருவியும் இல்லை. அதன்பின் 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. அந்த மையத்துக்குச் செய்தி அனுப்பும் கருவிகளுள் முக்கியமானவை, பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கடல்தரையிலேயே உட்கார்ந்து நீரின் அழுத்தத்தை அளந்துகொண்டிருக்கும் கருவிகள். நடுக்கடலில் அலை சில அங்குலம் உயர்ந்தாலும் அவை உணர்ந்து, மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்லும். மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும். ஆழ்கடலின் அடித்தரையில் ஒரு கருவி விழித்திருப்பதால் காசிமேட்டில் ஒரு தாய் நிம்மதியாக உறங்கலாம். ஆழ்கடல் அறிவு ஏழைக்குத் தேவையில்லை என்று இனி யார் சொல்ல முடியும்? கடலை ஒட்டி வாழும் ஏழைக்குத்தான் அது எல்லாரையும்விட அதிகம் தேவை.

கடல்தரையில் உருளைக்கிழங்கு

இனிதான் என் கவலையைச் சொல்ல வேண்டும். ஆழ்கடலின் சில சமவெளிகளில் உருளைக்கிழங்கு போன்ற கருநிறக் கட்டிகள் பரவிக் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் ஆகியவை அவற்றில் உள்ளன. மின்கலன்களுக்கு இவ்வுலோகங்கள் தேவை. 1981 ஜனவரி 26 அன்று 'கவேஷணி' என்ற நம் ஆராய்ச்சிக் கப்பல் அரபிக் கடலில் இத்தகைய கட்டியை முதன்முதலாக எடுத்தது. இன்று மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆய்வு செய்யும் உரிமையைப் பன்னாட்டுக் கடல்தரை ஆணையம் இந்தியாவுக்கு வழங்கியிருக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல்! 2021இல் 'வராகா' என்னும் இயந்திரத்தை 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டியும் பார்த்துவிட்டார்கள்.

நாட்டுக்கு உலோகம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சில உண்மைகளை எண்ணிப் பாருங்கள். அந்தக் கட்டி சில மில்லிமீட்டர் வளரப் பத்து லட்சம் ஆண்டு ஆகிறது. வெட்டிய மரம் மீண்டும் துளிர்க்கும். அள்ளிய கட்டி நம் வம்சத்தில் எவர் காலத்திலும் மீண்டும் வளராது. அதுமட்டுமன்று, மென்சேறு மூடிய அத்தரையில் பற்றிக்கொள்ள ஒரு கெட்டியான இடம் தேடும் கடற்பஞ்சுகளுக்கும் பவள இனங்களுக்கும் அக்கட்டியே வீடு.

பசிபிக் கடலில் 1979இல் ஓர் இயந்திரத்தை ஓட்டிச் சோதனை செய்தார்கள். 44 ஆண்டுகள் கழித்து அதே இடத்துக்குச் சென்று பார்த்தவர்கள், இயந்திரம் சென்ற தடம் நேற்றுப் போட்டதுபோல் கிடப்பதைக் கண்டார்கள். சிறு உயிர்கள் சில திரும்பி வந்திருந்தன. பழைய நிலை திரும்பவில்லை. அதே பசிபிக் பகுதியில் 5,500க்கும் மேற்பட்ட விலங்கினங்கள் இருப்பதாக 2023இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அவற்றில் பத்துக்கு ஒன்பது இன்னும் அறிவியல் பெயரே பெறாதவை. பெயர்கூட வைக்காத குழந்தையின் வீட்டை இடிக்கலாமா?

இந்தியப் பெருங்கடலிலேயே ஒரு சான்று உண்டு. 2001இல் இங்குள்ள வெந்நீர் ஊற்று ஒன்றில் ஒரு நத்தையைக் கண்டுபிடித்தார்கள். அதன் காலில் இரும்பு சல்பைடால் ஆன செதில்கள்! இரும்புக் கவசம் அணிந்த நத்தை! தன் உடம்பினுள் வளர்க்கும் பாக்டீரியாக்களே அதற்கு உணவளிக்கின்றன. உலகில் வேறெங்கும் காணாத அந்த உயிர், கண்டுபிடித்த பதினெட்டே ஆண்டுகளில், 2019இல், அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் செம்பட்டியலில் இடம்பெற்றது. ஆழ்கடல் சுரங்கத்தின் அச்சுறுத்தலால் அப்பட்டியலில் சேர்ந்த முதல் உயிரினம் அதுவே. அதன் வாழிடங்கள் மிகச் சில. அவை சுரங்கக்காரர்கள் கண்வைக்கும் உலோக ஊற்றுகள்.

மனிதன் இதுவரை கண்ணாலோ காமிராவாலோ கண்ட ஆழ்கடல் தரை எவ்வளவு? 2025இல் வெளியான ஓர் ஆய்வின்படி 0.001 விழுக்காட்டுக்கும் குறைவு. லட்ச ரூபாயில் ஒரு ரூபாய்கூட இல்லை! அந்த ஆய்வு கணக்கிட்ட மூழ்கல்களில் 97 விழுக்காட்டை நடத்தியவை ஐந்தே நாடுகள். ஒரு ரூபாயைப் பார்த்துவிட்டு மீதி 99,999 ரூபாயையும் செலவழிக்கத் துணிவது அறிவுடைமை ஆகுமா?

எண்ணூர் சொல்லும் பாடம்

தொலைதூரத்துச் சேதியெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்கலாம். அருகிலேயே பாடம் இருக்கிறது. கொசத்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு காலத்தில் இறாலும் நண்டும் மட்டியும் குவிந்து கிடந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். வலையில்லாமல் கையாலேயே தடவி இறால் பிடித்து வயிறு வளர்த்த குடும்பங்கள் அங்கே உண்டு. பின்னர் ஆலைகள் வந்தன, சாம்பல் வந்தது, கழிமுகம் மேடிட்டது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியபோது, மீனவர்களும் மாணவர்களும் வாளியால் கசடை அள்ளிக் கொட்டினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மீண்டும் எண்ணெய் கழிமுகத்தில் படர்ந்தது.

இந்தக் கழிமுகத்தின் அடியில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன, அவை யாருக்கு உணவு, யாருக்குத் தொழில் என்று கணக்கெடுத்து முடித்துவிட்டா இங்கே தொழில்கள் எழுந்தன? முதலில் பயன்படுத்தினோம், சேதமான பிறகு கணக்கெடுக்கிறோம். இழந்தது இன்னதென்று எழுதி வைக்காததால், இழப்பீடு கேட்கும்போது காட்டச் சான்றும் இல்லை. தொழில் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என் தெருவில் பாதிப் பேருக்குத் துறைமுகமும் ஆலையும்தான் சோறு போடுகின்றன. அறியாமல் தொடங்கிய தொழில் ஒரு கையால் கூலி கொடுத்து மறு கையால் இறாலைப் பறித்தது என்பதே என் வருத்தம்.

கண்ணெதிரே, முழங்கால் நீரில் இருக்கும் கழிமுகத்துக்கே இந்தக் கதி. யார் கண்ணும் படாத 5,000 மீட்டர் ஆழத்தில் எழும் சேற்றுப் புழுதியை யார் பார்ப்பார்? அங்கே மனுக்கொடுக்க மக்கள் இல்லை. மறியல் செய்ய மீனவர் இல்லை. அந்த நத்தைக்காகப் பேச வேண்டியவர்கள் நாமே.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே மாணவ நண்பர்களே, மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, எண்ணாத இடத்தில் அள்ளக் கூடாது. ஆழ்கடல் இயக்கத்தின் ஆறு பகுதிகளுள் உயிரின வளத்தை ஆராய்ந்து காப்பதும் ஒன்று. அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அது வரிசையில் ஒன்றாக இருந்தால் போதாது. வரிசையில் முதலாவதாக இருக்க வேண்டும். மத்ஸ்யாவில் செல்லும் மூவரில் ஒருவராவது ஒவ்வொரு முறையும் உயிரியல் அறிந்தவராக இருக்கட்டும். உரிமை பெற்ற பரப்பில் ஒரு பகுதியை எக்காலத்தும் தொடாத பகுதியாக ஒதுக்கிவைக்கட்டும். கடல்தரை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கை சொல்கிறது. பொதுச்சொத்து என்றால் பேரப்பிள்ளைக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது, கண்டதைத் தமிழில் சொல்ல வேண்டும். ஐந்து நிலங்களில் ஒன்றையே கடலுக்கு ஒதுக்கி நெய்தல் என்று பெயரிட்ட மொழி நம்முடையது. மேற்கடலின் மீனுக்கெல்லாம் நம் மீனவர்களிடம் பெயர் இருக்கிறது. ஆழ்கடல் உயிர்களுக்குத் தமிழில் பெயர் இல்லை. ஒவ்வொரு பயணத்தின் முடிவும் ஒரு சிறு தமிழ் நூலாக மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் பள்ளிக்கும் வரட்டும். என் தந்தை கேட்டதுபோன்ற கேள்விக்கு விடை கூறும் கடமை விஞ்ஞானிகளுக்கு உண்டு.

மூன்றாவது, இந்தக் கரையின் பிள்ளைகளுக்கு அந்தக் கலத்தில் இடம் வேண்டும். காட்டுப்பள்ளியில் கலம் நீரில் இறங்கியபோது கரையிலிருந்த நாம் வேடிக்கை பார்க்கும் வாய்ப்புக்கூட இல்லாதவர்கள். அலை எப்போது மாறும், நீரோட்டம் எத்திசை ஓடும் என்பதைக் கருவியில்லாமலே சொல்லும் குடும்பங்களில் பிறந்த நமக்கு, பள்ளிக்கரணை ஆய்வுக்கூடம் நிலவைவிடத் தொலைவாக இருக்கக் கூடாது. கடலோர அரசுக் கல்லூரி மாணவர்களை ஆண்டுதோறும் ஆராய்ச்சிக் கப்பலில் சில நாட்களாவது அழைத்துச் செல்லட்டும். குடுவையில் மிதக்கும் வெளிறிய மீனை மட்டும் பார்த்து விலங்கியல் பட்டம் பெறுவது, அடுப்பைப் படத்தில் பார்த்துச் சமையல் கற்பதற்கு ஒப்பாகும்.

நாமும் சும்மா இருக்கலாகாது. ஆழ்கடலுக்குக் கலம் வேண்டும்; கழிமுகத்துக்குக் கால்கள் போதும். நம் விலங்கியல் துறை மாணவர்கள் மாதம் ஒருமுறை எண்ணூர்க் கழிமுகத்துக்குச் சென்று, மீனவர்களின் துணையோடு, இருக்கும் உயிர்களைப் பெயர் பெயராக எழுதி வைக்கத் தொடங்கலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் இதற்குப் போதும். இன்று முழங்கால் நீரில் எண்ணக் கற்றவனே நாளை 6,000 மீட்டர் ஆழத்தில் எண்ணத் தகுதியுடையவன்.

கடல் நமக்குச் சோறு போட்டது, துறைமுகம் தந்தது, சில வேளைகளில் உயிர்களையும் பறித்தது. இன்னும் அது தன் முகத்தை நமக்குக் காட்டவில்லை. காட்டப்போகும் நேரத்தில் நம் கையில் கூடை இருக்குமா, விளக்கு இருக்குமா என்பதே கேள்வி. விளக்கோடு இறங்குவோம்! எண்ணிய பின் எடுப்போம்! அள்ளுமுன் அறிவோம்!